எட்டு மீட்டர் கிழங்குக் கொடி

மெல்போர்ன்ல, விக்டோரியா தேசியக் கலைக்கூடம்.
ஒரே படம், எட்டு மீட்டர் அகலம்.
கறுப்பு மேல வெள்ளைக் கோடு, பின்னிப் பின்னி ஓடுது. வேற ஒண்ணும் இல்ல.

"நூல்கண்டு சிக்கு விழுந்த மாதிரி இருக்கு"ன்னேன்.
பெரிய ரசிகன்ல நான்!

பக்கத்துல இருந்த குறிப்பைப் படிச்சதும் வாய் தானா மூடிக்கிச்சு.
மண்ணுக்கு அடியில கிழங்குக் கொடி ஓடுற ஓட்டமாம் அது.

வரைஞ்சவங்க எமிலி காமே உங்வாரே.
ஆஸ்திரேலியாவோட நடுப் பாலைவனத்துல உட்டோப்பியா, அவங்க ஊரு. அன்மட்யர் பழங்குடி.
கான்வாஸைத் தொட்டப்பவே வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. இந்தப் படம் 1995ல. அடுத்த வருஷம் போய்ட்டாங்க.

கான்வாஸைத் தொடுற வரைக்கும் சும்மா இருந்தாங்கன்னு நினைச்சிடாதீங்க.
சடங்குல பொம்பளைங்க தோள்லயும் மார்லயும் தீட்டிக்கிற கோடு இருக்கே, அதுல ஊறின கை.

இன்னொண்ணு. 'காமே'ன்னா அந்தக் கிழங்கோட விதை.
பாட்டி தன் பேரைத்தான் எட்டு மீட்டருக்கு எழுதி வச்சிருக்கு!

நான் என் பேரை எழுதினது ஸ்கூல் பெஞ்சுல. காம்பஸ் முனையால. அதுக்கும் அடி வாங்கினேன்.

உங்க பேருக்குள்ள ஏதாவது செடி, கிழங்கு, விதை இருக்கா?