சொட்டும் இடமும் கசியும் இடமும்

பழைய கார் ஒன்றின் அடியில் எண்ணெய் சொட்டினால் முதலில் கண்ணில் படுவது தரையில் விழுந்த கறை. அதற்கு நேர் மேலே எந்த உறுப்பு இருக்கிறதோ அதுதான் பழுது என்று முடிவுகட்டிவிடுவது மனித இயல்பு. எண்ணெயோ இந்த முடிவுக்குக் கட்டுப்படுவதில்லை. இன்ஜினின் மேற்பகுதியில் கசிந்த எண்ணெய் வார்ப்பிரும்புச் சுவரில் வழிந்து, முன்னிருக்கும் விசிறியின் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, போல்ட் தலைகளையும் விளிம்புகளையும் பற்றிக்கொண்டு இறங்கி, ஆகத் தாழ்ந்த ஒரு முனையை அடைந்த பிறகே சொட்டாகத் திரள்கிறது. கறையைத் தரை காட்டிவிடுகிறது. கசிவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. இடத்தைக் குறிப்பது ஏழாம் வேற்றுமை. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களைத் தருகிறது நன்னூல். மலையிலிருந்து அருவி வீழ்வது நீங்கல். ஒன்று நிகழ்வதற்குக் காரணமாக நிற்பது ஏது. சிக்கல் என்னவென்றால், ‘இல்’ என்னும் உருபு இரண்டு வேற்றுமைகளுக்கும் உரியது. ஆகவே “டாப்பெட் கவரில் ஒழுகுகிறது” என்று ஒரு மெக்கானிக் சொல்லும்போது, ஒழுக்கு அங்கே தெரிகிறது என்கிறாரா, அங்கிருந்து கிளம்புகிறது என்கிறாரா, அதனால் நேர்கிறது என்கிறாரா என்பது அந்த வாக்கியத்தைக் கொண்டு மட்டும் விளங்காது. கசிவைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் இந்த மூன்றையும் பிரித்தெடுக்கும் வேலைதான்: எங்கே சொட்டுகிறது, எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது.

மும்பைவாசிகளுக்குப் பழைய கார் என்றதும் நினைவுக்கு வருவது பிரீமியர் பத்மினி. 1953-இல் இத்தாலியில் அறிமுகமான ஃபியட் 1100 வரிசையின் வழித்தோன்றல் அது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அதைக் குர்லா ஆலையில் உருவாக்கியது. இத்தாலியில் அந்த வரிசை 1960களின் இறுதியோடு நின்றுபோக, இங்கே அது மேலும் முப்பது ஆண்டுகள் ஓடியது. 1089 சிசி கொள்ளளவு, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், பக்கத்தில் படுத்திருக்கும் கேம்ஷாஃப்ட், மேலே வால்வுகள் எனப் பானெட்டைத் திறந்ததும் எல்லாவற்றையும் கையால் தொட்டுவிடக்கூடிய இன்ஜின் அது. கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக நகரம் முழுவதும் திரிந்த அந்த வண்டிகளில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. மும்பையில் டாக்ஸிக்கு அனுமதிக்கப்பட்ட ஆயுள் 20 ஆண்டு. எனவே 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்ஸி ஒன்றுகூட நகரில் இல்லை. டாக்ஸிகளை நம்பியிருந்த பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் அதற்கு முன்பே மெல்ல வேறு வண்டிகளுக்கு மாறிவிட்டன. தனியாரிடம் எஞ்சியிருக்கும் பத்மினிகளின் நோயைப் பார்க்கத் தெரிந்த கைகள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன.

அப்படி எஞ்சிய வண்டிகளுள் ஒன்று அம்பர்நாத் கிழக்கில் இருக்கிறது. படைக்கலத் தொழிற்சாலையும் எந்திரக் கருவி முன்மாதிரித் தொழிற்சாலையும் உள்ள ஊர் என்பதால் கடைசல், பொருத்தல் வேலைகளில் தேர்ந்த தமிழர் பலர் அங்கே குடியேறினர். வண்டியின் உரிமையாளரும் அவ்வாறு வந்து, ஃபிட்டராக வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர். 1980களின் நடுவில் வாங்கிய கார் அது. காய்கறிச் சந்தைக்கும் ரயில் நிலையத்துக்குமாக இப்போதும் ஓடுகிறது. தனியார் காரின் பதிவை 15 ஆண்டு கழிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். அடுத்த சோதனைக்குச் சில மாதங்களே இருந்தபோதுதான் தரையில் உள்ளங்கை அகலக் கறை தோன்றியது.

கறை விழுந்த இடம், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் ஃப்ளைவீல் உறையின் அடிப்பகுதி. அருகிலிருந்த பட்டறையில் ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள்: கிராங்க்ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது; கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; இறக்கும்போதே ‘ஹாஃப் இன்ஜின்’ வேலையையும் முடித்துவிடலாம். அவர்கள் சொன்ன தொகை வண்டியின் சந்தை விலையை நெருங்கியது. வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டிலும் பேச்சு எழுந்தது. இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தயாரிப்பு நின்றுபோன இன்ஜினைத் திறப்பது எளிது. திறந்தபின் ஒரே ஓர் உறுப்பு கிடைக்காமல் போனால் மூடுவது அரிது. ‘கிடைத்ததும் மாட்டிவிடலாம்’ என்று திறந்துவைத்த இன்ஜின்களோடு முடிந்துபோன பழைய கார்கள் எத்தனையோ.

உரிமையாளர் ஒப்புக்கொள்ளவில்லை. தாராவியில் டாக்ஸிப் பட்டறைகளிலேயே வளர்ந்த, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார். வந்தவர் முதலில் கேட்டது வண்டியைப் பற்றிய கேள்வி அல்ல.

“அண்ணாச்சி, கிளட்ச் நழுவுதா?”

“இல்லையே தம்பி. மேட்டுல நல்லாவே இழுக்குது.”

“அப்ப பின் சீலுன்னு இப்பவே சொல்ல முடியாது.”

இந்த உரையாடலில் ஒரு தருக்கம் இருக்கிறது. பின் சீல் பெருமளவில் ஒழுகினால் எண்ணெய் ஃப்ளைவீல் உறைக்குள்தான் இறங்கும். சுழலும் ஃப்ளைவீல் அதை வாரி இறைக்கும். நாளடைவில் கிளட்ச் தட்டில் எண்ணெய் படிந்து வழுக்கத் தொடங்கும். கிளட்ச் நழுவாதது பின் சீல் நல்லது என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஆனால் இவ்வளவு பெரிய கறைக்கு அது மட்டுமே காரணம் என்னும் முடிவை அது ஐயத்துக்குள்ளாக்குகிறது. அடுத்து அவர் சொட்டை விரலில் எடுத்து முகர்ந்தார். கியர் எண்ணெய்க்குக் கந்தகச் சேர்மங்களால் வரும் தனி நெடி உண்டு. இதில் அது இல்லை, நிறமும் கருமை. இன்ஜின் எண்ணெய்தான் என்பது உறுதியாயிற்று.

அடுத்த வேலை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது: கழுவுதல். பல ஆண்டுத் தூசியும் எண்ணெயும் கலந்து இறுகிய அழுக்கு இன்ஜின் முழுவதும் அப்பியிருந்தது. அப்படிப்பட்ட பரப்பில் புதிய கசிவையும் பழைய ஈரத்தையும் வேறுபடுத்த எவராலும் இயலாது. மண்ணெண்ணெயும் தூரிகையுமாக அரை நாள் தேய்த்து, துணியால் துடைத்து, மறுநாள் வரை உலரவிட்டார். பழைய வண்டியில் கசிவு தேடுபவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான். கூலியாகக் கணக்கிட முடியாத வேலை என்பது ஒரு காரணம். விடை முன்பே தெரியும் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம்.

உலர்ந்த இன்ஜின்மீது முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவினார். வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தார். மறுமுறை வண்டி அதே இடத்தில் நின்றால்தான் சொட்டுகளை ஒப்பிட முடியும். முதல் இரவு இன்ஜினை ஓட்டவே இல்லை. நிற்கும்போது வரும் கசிவும் ஓடும்போது வரும் கசிவும் வெவ்வேறு இடங்களைச் சுட்டுபவை. ஓடாதபோதும் சொட்டினால், தேங்கிநிற்கும் எண்ணெயின் மட்டத்துக்குக் கீழே உள்ள இணைப்புகளை ஐயுற வேண்டும். ஆயில் பான் என்று நூல்கள் சொல்வதைப் பட்டறைகள் சேம்பர் என்கின்றன. அந்தச் சேம்பரும் அதன் வடிகால் போல்ட்டும் அவ்வகை. ஓடும்போது மட்டும் வந்தால் அழுத்தத்தில் உள்ள பகுதிகளையும், எண்ணெய் தெறிக்கும் மேற்பகுதிகளையும் பார்க்க வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச், டாப்பெட் கவர் முதலியன இதில் அடங்கும்.

காலையில் அட்டை காய்ந்திருந்தது. இன்ஜினை இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்தார்கள். டார்ச்சும், சவரம் செய்யும் சிறு கண்ணாடியும் கொண்டு தேடல் தொடங்கியது. அவருடைய விதி ஒன்றே: நனைந்த இடங்களில் ஆக உயர்ந்ததைக் கண்டுபிடி. முன்பக்கம் பவுடர் வெண்மையாக இருந்தது. பிரஷர் சுவிட்சைச் சுற்றியும் வெண்மை. பெட்ரோல் பம்ப் பிளாக்கோடு சேரும் இடமும் அப்படியே. இன்ஜினின் பின்முகத்துக்கும் டேஷ்போர்டுச் சுவருக்கும் இடையே, நேராகப் பார்க்க முடியாத குறுகிய சந்தில் கண்ணாடியைச் சாய்த்தபோது, வெண்பரப்பில் பழுப்புக் கோடொன்று தெரிந்தது. டாப்பெட் கவரின் பின்மூலையில் தொடங்கி, ஹெட் வழியாகப் பிளாக்கில் இறங்கி, ஃப்ளைவீல் உறையின் வெளிப்புறத்தைச் சுற்றி அடியில் முடிந்தது அந்தக் கோடு.

“மேலேருந்துதான் இறங்குது, அண்ணாச்சி. பாருங்க.”

வாழ்நாள் முழுவதும் நுண்ணளவைகளோடு பழகிய முதியவர் அந்தக் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் புது சீலும் கிடைத்திருக்கும், கறையும் இருந்திருக்கும்.

இடமும் நீங்கலும் தெரிந்தாயிற்று, ஏது எஞ்சியிருந்தது. டாப்பெட் கவரைக் கழற்றியதும் முதற்காரணம் வெளிப்பட்டது. கேஸ்கெட்டைப் பட்டறைகள் ‘பேக்கிங்’ என்கின்றன. கார்க்கால் ஆன அந்தப் பேக்கிங் இறுகிப் பலகைபோல் ஆகியிருந்தது. முன்பு யாரோ கசிவைக் கண்டு நட்டுகளை மேலும் மேலும் முறுக்கியிருக்கிறார்கள். மெல்லிய தகட்டாலான கவர் நட்டு இருக்கும் இடங்களில் குழிந்து, மூலைகளில் தூக்கிக்கொண்டிருந்தது. கார்க் பேக்கிங் மிதமான அழுத்தத்தில்தான் அடைப்பைத் தரும். அளவு மீறினால் பிதுங்கிவிடும். அதற்கு மேல் சிலிக்கான் பசையும் தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. உட்புறமாகப் பிதுங்கும் பசைத் துணுக்குகள் அறுந்து, சேம்பருக்குள் இருக்கும் வடிகட்டியை அடைத்தால், ஒழுகும் இன்ஜின் எண்ணெயின்றிப் பிடித்துக்கொள்ளும் இன்ஜினாகிவிடும்.

கவரின் விளிம்பை மட்டப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கும் வேலையை உரிமையாளரே செய்தார். அது அவருடைய தொழில். புதுப் பேக்கிங் குர்லா சிஎஸ்டி சாலைக் கடைகளில் கிடைத்தது. அத்தோடு முடித்திருக்கலாம். மெக்கானிக் முடிக்கவில்லை. பேக்கிங் பழுதானது சரி, எண்ணெய் ஏன் இவ்வளவு வேகமாகத் தள்ளப்பட்டது?

எந்த இன்ஜினிலும் எரிந்த வாயுவில் சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கும். அது வெளியேறுவதற்கே பிரீத்தர் குழாய் இருக்கிறது. அந்த வழி அடைபட்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி, எங்கே இணைப்பு வலுவற்றதோ அங்கே எண்ணெயை வெளியே தள்ளும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கையை வைத்தபோது வாயு துடித்துத் துடித்து அடித்தது. ரிங் தேய்ந்திருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளந்தார். நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. பிரீத்தர் குழாயைக் கழற்றியபோது உள்ளே பழுப்பும் வெண்மையும் கலந்த பிசின். எண்ணெயும் நீரும் கலந்து உருவாகும் பிசின் அது. சந்தைக்கும் நிலையத்துக்குமாகச் சில நிமிடங்களே ஓடும் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து எண்ணெயோடு குழைகிறது. வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று அதைக் குறைவாக ஓட்டிய அக்கறைதான் காரணங்களின் வரிசையில் கடைசியில் நின்றது.

குழாய் மாற்றப்பட்டது, பேக்கிங் பசையின்றிப் பொருத்தப்பட்டது, எண்ணெயும் மாற்றப்பட்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது பத்லாப்பூரைக் கடந்து கர்ஜத் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவர வேண்டும் என்பது மெக்கானிக்கின் கட்டளை. மொத்தச் செலவு, முதற்பட்டறை சொன்னதில் சிறு பின்னம்.

இரண்டு வாரம் கழித்து அட்டையில் மீண்டும் ஒரு சொட்டு இருந்தது; ஒன்றே ஒன்று. இந்த முறை அது ஃப்ளைவீல் உறையின் உள்ளிருந்தே வந்தது. பின் சீலும் சற்றே வேர்க்கிறது. அந்த வகையில் முதற்பட்டறை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பெரிய ஒழுக்கின் மறைவில் சிறியது ஒன்று இருந்திருக்கிறது. பெரியதை நிறுத்திய பிறகே அதன் உண்மையான அளவு தெரிந்தது. நாற்பதாண்டுப் பழைய இன்ஜினில் வாரத்துக்கு ஒரு சொட்டுக்காகக் கியர்பாக்ஸை இறக்குவதா என்று உரிமையாளர் கேட்டார்.

“கிளட்ச் நழுவுற அன்னைக்குப் பாத்துக்கலாம், அண்ணாச்சி. அதுவரை அட்டையை மாத்தாதீங்க.”

அட்டை அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவருகிறார் முதியவர். வட்டங்களுக்கு இடைப்பட்ட நாட்கள் இதுவரை குறையவில்லை.