குதிரையின் மூச்சு

இராவுத்தர் என்ற சொல்லுக்குக் குதிரை வீரன் என்று பொருள் சொல்வார்கள். அரபுக் குதிரைகள் கப்பலேறிப் பாண்டி நாட்டுக் கரையில் வந்திறங்கியதையும், பராமரிக்கத் தெரியாதவர்களின் கைகளில் அவை செத்துப் போனதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிய வந்தது. 2009இல் நான் வளைகுடா நாடொன்றுக்குப் போனது குதிரை லாயம் கூட்டுவதற்கு.

என் பொறுப்பில் ஆறு குதிரைகள். அவற்றுள் நஜ்மா என்ற சாம்பல் நிறப் பெட்டைக் குதிரைக்கு வயது போய்விட்டது. தீன் போடும்போது இரண்டு தரம் இருமும். காலையில் வெளியே கொண்டு போனால் ஒரு தரம் இருமும். இருமல்தானே என்று விட்டுவிட்டேன். அது என் பிழை.

2011 கோடையில் ஒரு நாள் அது தின்னாமல் நின்றது. மூக்குத் துவாரங்கள் விரிந்திருந்தன. மூச்சை வெளியே தள்ளும்போது வயிறு இரண்டு தரம் எக்கியது. விலாவின் கீழே கயிறு போட்டு இறுக்கியதுபோல ஒரு கோடு. குதிரையால் நம்மைப்போல வாயால் மூச்சு வாங்க முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். நஜ்மா 36 தடவை விட்டது.

மிருக வைத்தியர் வந்தார். காய்ச்சல் இல்லை. மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்த்தார், உள்ளே சளி கட்டியிருந்தது. 'ஹீவ்ஸ்' என்றார். இன்று அதைக் குதிரை ஆஸ்துமா என்கிறார்கள். உலர்ந்த புல்லில் இருக்கும் பூஞ்சணமும் தூசியும் சுவாசக் குழாயில் ஒவ்வாமையைக் கிளப்பி அதைச் சுருக்கி விடுகின்றன. ஸ்டீரொய்ட் ஊசி போட்டார். குழாயை விரிக்கும் மருந்தை முகமூடி வைத்து மூக்கில் அடிக்கக் காட்டித் தந்தார். ஸ்டீரொய்டை நீண்ட நாள் கொடுத்தால் குளம்பில் அழற்சி வரக்கூடும் என்ற அச்சமும் அவருக்கிருந்தது. போகும்போது, "மருந்து பாதிதான். மீதி உன்னுடைய தும்புத்தடியில் இருக்கிறது" என்பதுபோல ஏதோ சொன்னார். எங்கள் மேற்பார்வையாளரான பாகிஸ்தான்காரர் அதை எனக்கு விளங்கப்படுத்தினார்.

அன்றிலிருந்து வேலை மாறியது. புல்லைத் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுத்துத்தான் கொடுத்தேன். அந்த வெயிலில் மிஞ்சிய ஈரப்புல் சீக்கிரம் புளித்துவிடும், மிச்சத்தை உடனே அள்ளி எறிய வேண்டும். மூக்குக்கு நேரே கட்டியிருந்த புல் வலையைக் கழற்றி, தீனைத் தரையில் வைத்தேன். தலை குனிந்து தின்னும்போது சளி இறங்கி வரும். வைக்கோல் படுக்கையை எடுத்துவிட்டுக் கடதாசித் துண்டுகளைப் பரப்பினோம். பக்கத்து அறைக் குதிரைக்கும் அப்படியே செய்தோம், தூசிக்குச் சுவர் தெரியாது அல்லவா? குளிர் வெளியேறக் கூடாதென்று அடைத்து வைத்திருந்த கதவுகளை இரவில் திறந்தோம். மூத்திர நாற்றம் கண்ணை எரிக்கும் காற்று சுவாசப்பைக்கும் ஆகாது. குதிரையை வெளியே கட்டிய பிறகே கூட்டினேன். மூன்றாவது வாரம் மூச்சு 18க்கு வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் உம்மாவுடன் கதைப்பேன். உம்மாவுக்கும் முட்டு வருத்தம். நஜ்மாவின் கதையைச் சொன்னபோது,

"குதிரைக்கிம் முட்டு வருமா மகன்?" என்று கேட்டுச் சிரித்தா. சிரிப்பு இருமலில் முடிந்தது.

மூன்று வருடமாக மருந்துக்குக் காசு அனுப்பிக் கொண்டிருந்தேன். உம்மா எங்கே படுக்கிறா, எதில் சமைக்கிறா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

2012இல் லீவில் வந்தேன். மழைக்கு ஒழுகாத ஒரேயொரு அறையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் ஓரத்தில் பழைய தும்பு மெத்தை, அதில் உம்மா. குசினியில் ஈர விறகு புகைந்தது. இரவு பழக்க தோஷத்தில் உம்மாவின் மூச்சை எண்ணினேன். 28. பெரிய ஆளுக்கு 20க்குள் இருக்க வேண்டும்.

மறுநாள் மூட்டைகளை வெளியேற்றினேன். மெத்தையை மாற்றினேன். ஜன்னலொன்று வைத்தேன். காஸ் அடுப்பு வாங்கினேன். கூட்டும்போது உம்மாவை முற்றத்தில் உட்கார வைத்தேன். உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,

"குதிரைக்கிச் செஞ்சதத்தான் எனக்கிம் செய்றாயா?" என்றா.

"ஓம் உம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

முட்டு முற்றாகப் போகவில்லை. மருந்தும் நிற்கவில்லை. ஆனால் நடுச்சாமத்தில் எழுந்து உட்காரும் இரவுகள் குறைந்தன. 2018இல் உம்மா மௌத்தானது வேறொரு வருத்தத்தில்.

லாயத்தின் தூசி என் நெஞ்சிலும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. கிளினிக்குக்குப் போய் வருகிறேன். அங்கே இருமிக்கொண்டிருக்கும் வயதான பெண்களைக் கண்டால், உடன் வந்த பிள்ளையிடம் நான் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. உம்மா எந்த அறையில் படுக்கிறா என்றுதான் கேட்பேன்.