ஸ்பெஷல் என்ற அடைமொழி

ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பேசிவர என் பாட்டனார் மதுரைக்குப் போவார் என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவனாதலால், கிட்டப்பாவைப் போன்ற பெரும் பாடகர்கள் விசேஷமாகத் தோன்றிய காரணத்தாலேயே 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயர் வந்தது என்று எவரேனும் சொல்லும்போதெல்லாம் என் மனம் அதை ஏற்க மறுக்கும். வானம் பார்த்த எங்கள் கிராமத்துக்குக் கிட்டப்பாவா வந்தார்? ஆயினும் அங்கே விடிய விடிய நடந்ததும் ஸ்பெஷல் நாடகந்தான்.

முதலில் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடக மேடை நினைவுகளில் தேடப் புகுந்தேன். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையோ, உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் ஊதியம் கருதாமல் நடித்த சபை. நாடகத்தையே ஜீவனமாகக் கொண்டவர்களின் வழக்குச் சொல்லுக்கு அங்கே மூலம் தேடுவது வீண் என்று விளங்கிற்று.

பிறகுதான் மதுரையில் ஒரு முதிய ஹார்மோனிய வித்வானிடம் போய்ச் சேர்ந்தேன். கேட்ட கேள்விக்கு அவர் விடை சொல்லவில்லை; மஞ்சளேறிய ஒரு நாடக நோட்டீஸை என் கையில் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், மிருதங்கம் என்று ஒவ்வொருவர் பெயருக்கு முன்னும் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என வெவ்வேறு ஊர் இருந்தது. நான் வாசித்து முடித்ததும், "தம்பி, இதிலே கம்பெனிப் பேரு எங்கே இருக்கு?" என்றார்.

கம்பெனி என்றால் முதலாளி, மாதச் சம்பளம், கம்பெனி வீட்டுச் சாப்பாடு, வாத்தியாரின் ஒத்திகை, ஊர் ஊராய்க் கொண்டுபோகும் சீன்கள் ஆகிய யாவும் ஒரு குடையின் கீழ் அமைந்த ஸ்தாபனம். ஸ்பெஷலிலோ நடிகர்களும் வாத்தியக்காரர்களும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே பேசப்பட்டு, தத்தம் ஊரிலிருந்து வந்து, ஒத்திகையின்றியே மேடையேறுவார்கள்.

இதனால் என் சந்தேகம் தீர்வதற்குப் பதில் வேறு திசையில் கிளைத்தது: அறிமுகமே இல்லாதவர்கள் ஒரே நாடகத்தை எப்படிப் பிசகாமல் நடத்த முடியும்? வித்வான் பெட்டியைத் திறந்து சுருதி கூட்டி, வள்ளியின் பாட்டையும் நாரதரின் பதிலையும் தாமே மாறி மாறிப் பாடிக் காட்டிவிட்டு, "எல்லாம் சுவாமிகள் பாடம். வள்ளி எந்த ஊர்க்காரியா இருந்தா என்ன?" என்றார். 1918-இல் மதுரையில் பாலர் சபை கண்டு, 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலிய நாடகங்கள் நடிகர் உலகத்துக்கே பொதுச் சொத்தாகிவிட்டன. கம்பெனிகள் கலைந்த பின்னும் பாடம் கலையவில்லை என்பதை அக்கணமே உணர்ந்து பேரானந்தம் கொண்டேன்.

ஆகவே, ஸ்பெஷல் என்பது ஓர் இரவு ஒப்பந்தத்தின் பெயர். அந்த ஒப்பந்தத்தைச் சாத்தியமாக்கியது கம்பெனிகள் ஊட்டிய கல்வி. நாடக சரித்திரம் எழுதும் அன்பர்கள் கம்பெனிகளோடு கதையை முடித்துவிடாமல், அந்தப் பாடத்தைக் கிராமம் கிராமமாகச் சுமந்த இக்கலைஞர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.