விலைப்பட்டியலின் கீழ்ப்பாதி

திருவக்கரை, 27 அக்டோபர் 2025, திங்கள்

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன் ஒருவன் ஏழு பேர் அமரும் வண்டி ஒன்றை வாங்குவதற்கு என்ன முகாந்திரம் என்று ஊரார் கேட்கக்கூடுமாதலால், அதை முதலில் எழுதிவிடுகிறேன். என் மனைவிக்கு முழங்கால் நோவு. பேருந்தின் படி அவளுக்கு மலைப்படி. ஆயினும் தரிசிக்க வேண்டிய க்ஷேத்திரங்களின் ஜாபிதா ஒன்றை முப்பது வருஷமாக அவள் மனத்தில் வைத்திருக்கிறாள். பின் இருக்கைகளை மடக்கினால் கால் நீட்டிப் படுக்க இடமுள்ள வண்டியொன்று கிடைக்குமாயின், வழியில் மரத்தடிகளில் நிறுத்தி இளைப்பாறிக்கொண்டே ராமேசுவரம் வரையிலும் போய் வரலாம் என்பது எங்கள் மனோராஜ்யம். அமெரிக்காவிலிருக்கும் பழைய மாணவன் ஒருவன் இதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "ஐயா, இங்கே அடுப்பும் கட்டிலும் குளியலறையுமாக வீட்டையே சக்கரத்தில் ஏற்றி ஆர்.வி. என்று விற்கிறார்கள், உங்களுடையது அதற்குத் தம்பி" என்றான். நம் பக்கத்திலோ, கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் இளைப்பாறும் வண்டி என்பதற்கு மேல் ஜனங்களுக்குத் தெரியாது.

இன்று விழுப்புரம் சென்றோம். வண்டியின் விலையைப் பற்றிய பேச்சு அரை மணியில் முடிந்துவிட்டது. பிறகு விற்பனைக் கூடத்து இளைஞர் எங்களைக் குளிரூட்டிய கண்ணாடி அறை ஒன்றில் அமர்த்தி, தேநீர் வரவழைத்து, விலைப்பட்டியலின் கீழ்ப்பாதியை எடுத்து வைத்தார். எக்ஸ்டெண்டட் வாரண்டி இரண்டு வருஷத்துக்கு 24,000. டெஃப்லான் பூச்சு 7,500. அண்டர்பாடி கோட்டிங் 5,500. சன் ஃபிலிம், முன்புற இரும்புக் கம்பி, கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி அடங்கிய ஆக்சஸரிஸ் 32,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. ஆக 77,500 ரூபாய். இன்ஷூரன்ஸ் 52,000 தனி.

"சார், இன்னைக்கே புக் பண்ணா வாரண்டியில பத்து பர்சென்ட் குறைச்சுடுவேன். நாளைக்கு இந்த ரேட் இருக்காது."

அவருடைய வாக்சாதுரியம் செய்யாத காரியத்தை என் மனைவியின் ஒரு கேள்வி செய்தது. "என்னங்க, நடு வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள். மனிதன் மகிழ்ச்சியில் நெகிழ்ந்திருக்கும் முகூர்த்தத்தில்தான் அவனிடம் பயத்தை விற்பது சுலபம் என்பதை அந்த வியாபாரிகள் எந்தச் சாஸ்திரத்தில் கற்றார்களோ அறியேன். பேனா என் கைக்கு வந்துவிட்டது. "தம்பி, இந்த நிபந்தனைத் தாள்களைக் கொடுங்கள்; வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். பணம் கட்டிய பிறகே அவை வரும் என்றார். முன்னதாகப் படிக்க முடியாத தாளுக்கு முன்னதாகப் பணம் தருகிற வழக்கம் எனக்கில்லை என்று சொல்லி எழுந்ததும், அவை எப்படியோ வந்து சேர்ந்தன.

29 அக்டோபர், புதன்

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காலை முழுவதும் படித்தேன். தொழிற்சாலை தரும் வாரண்டி மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. நாங்கள் வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். எனவே எங்களுக்குத் தீரப்போவது காலமேயன்றித் தூரமன்று. நீட்டிப்புத் தாளில் எது அடங்கும் என்பது பெரிய எழுத்தில் அரைப் பக்கமும், எது அடங்காது என்பது பொடி எழுத்தில் மூன்று பக்கமும் இருந்தன. கிளட்ச் தட்டு, பிரேக் பேடு, டயர், பேட்டரி, வைப்பர் அடங்கா. வெள்ளச் சேதம் அடங்காது. வெளியில் பொருத்திய விளக்குக்காகவோ ஒலிபெருக்கிக்காகவோ கம்பித்தொகுதியை வெட்டினால் மின்சாரப் பழுது எதுவும் அடங்காது. ஒரே கடை, ஒரே தாளில், வாரண்டியைக் குலைக்கும் சரக்கையும் வாரண்டியை நீட்டும் சரக்கையும் அடுத்தடுத்த வரியில் விற்கிறது! போதாக்குறைக்கு, 24,000 என்பது வரி நீங்கலான தொகை. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 28,320.

மாலையில் கூட்டேரிப்பட்டிலுள்ள மெக்கானிக்கிடம் போனேன். என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தவர். "வாத்தியாரய்யா, அடியில பூசறதை ஃபேக்டரியிலயே முக்கி எடுத்துடறாங்க. இவங்க ஸ்பிரே அடிக்கறப்ப தண்ணி வடியற ஓட்டையை அடைச்சுட்டா, அங்கேதான் துரு பிடிக்கும்" என்றார். பிறகு, "வாரண்டியைக் கம்பெனியே தருதா, வெளி ஆள் தர்றானான்னு கடைசிப் பக்கத்தைப் பாருங்க" என்றார்.

1 நவம்பர், சனி

பார்த்தேன். பொறுப்பேற்றவர் பெயர் வண்டி செய்தவருடையதன்று. பழுது பார்த்த கூலியை முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்துப் பெற வேண்டுமாம். அதற்கும் உச்ச வரம்பு உண்டு. முகப்பிலோ வண்டிக் கம்பெனியின் சின்னம் பொலிவுடன் விளங்குகிறது.

எங்கள் ஊரின் கல்மரப் பூங்காவில் இன்று உலாவியபோது இது நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கோடி வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்த மரங்கள், அணுவணுவாகச் சிலிக்கா புகுந்து கல்லாகிக் கிடக்கின்றன. வருஷ வளையம் தெரிகிறது, வைரம் தெரிகிறது, கணு தெரிகிறது. வெளியூர்க்காரர் விறகென்று எண்ணித் தொட்டுத் தூக்க முயன்ற பிறகே சங்கதி விளங்குகிறது. வாரண்டித் தாளும் அவ்வாறே. ரேகையைப் பார்த்து மரமென்று நம்பாமல், யார் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்று தூக்கிப் பார்க்க வேண்டும்.

ஆக்சஸரிஸ் என்ற தலைப்பில் கண்ட இரண்டு உருப்படிகள் சட்டத்துக்கே விரோதமானவை. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடுத்தது. முன்புற இரும்புக் கம்பியை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்கீழ் விலக்கியது. பின் இருக்கையைக் கழற்றி நிரந்தரப் படுக்கை அமைத்துத் தருவதாக இளைஞர் சொன்னதும் அதே பிரிவில் இடிக்கும்; பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது. மடக்கும் இருக்கையே எங்களுக்குப் போதும்.

கேட்டதையெல்லாம் மறுப்பது மட்டும் விவேகமாகிவிடாது. சென்ற வருஷம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, அடுத்த வீட்டைப் போலிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதைக் கண்டவன் நான். தண்ணீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து, நீர் உள்ளிழுக்கப்பட்டு என்ஜின் உடைந்தால், வாரண்டியும் கைவிரிக்கும், சாதாரண இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும். என்ஜின் பாதுகாப்பு என்ற சேர்க்கை இருந்தால்தான் கதி. அதேபோல் விபத்தில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமென்று கழிப்பது வழக்கம். இக்காலத்துப் பம்பர் முழுவதும் பிளாஸ்டிக்காதலால், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் என்ற சேர்க்கையும் வேண்டியதே. இவ்விரண்டையும் சேர்த்தே வெளியில் விசாரித்ததில் 41,000 ரூபாய். புது வண்டிக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதை விற்பனைக் கூடத்தில்தான் எடுக்க வேண்டுமென்ற கட்டாயம் எங்கும் இல்லை.

5 நவம்பர், புதன், ஐப்பசிப் பௌர்ணமி

இரவு மாணவன் அழைத்தபோது நடந்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் 1975இலேயே ஒரு சட்டம் செய்து, எங்கள் உதிரிப் பாகத்தையே வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டிப்போடுவதைத் தடுத்திருக்கிறார்களாம். ஆயினும் அங்கும் ஆர்.வி. வாங்குபவரைக் கடைசியில் ஒரு சிறு அறையில் உட்காரவைத்து இதே பட்டியலை நீட்டுகிறார்களாம். கண்ணாடி அறைக்குக் கடல் தடையில்லை போலும்.

பகலில் விழுப்புரம் சென்று பட்டியலின் கீழ்ப்பாதியை ஒவ்வொரு வரியாக அடித்தேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது எந்த அரசாங்கத்துக்குக் கட்டுவது, ரசீது உண்டா என்று கேட்டேன். ஒன்றோடொன்றைக் கட்டாயமாகப் பிணைத்து விற்பதை 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புவதில்லை என்றும், உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறதென்றும் மெல்லச் சொன்னேன். மேலாளர் வந்தார், சிரித்தார், பட்டியலிலிருந்து அந்த வரி நீங்கியது. வண்டி செய்தவரே தரும் நீட்டிப்பைப் பற்றிக் கேட்டபோதுதான், அது தொழிற்சாலை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், தாமதித்தால் விலை சற்று ஏறும் என்று ஒப்புக்கொண்டார். சற்று ஏறட்டும்; மூன்று வருஷம் வண்டியின் குணத்தைப் பார்த்தறிவதற்கு அது கூலி. நான் வாங்கியது ஒரு ஜதை ரப்பர் விரிப்பு. இளைஞருக்கு இதில் கமிஷன் போயிருக்குமே என்று வழியெல்லாம் சங்கடமாயிருந்தது. அதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை.

4 டிசம்பர், வியாழன், பௌர்ணமி

வண்டி நவம்பர் 24இல் வந்தது. இன்று திண்டிவனம் போய்த் திரும்ப வெகு நேரமாகிவிட்டது. நடுநிசியில் எங்கள் ஊர் வக்கிரகாளியம்மன் சந்நிதியில் ஜோதி காட்டுவார்களாதலால், வீட்டுக்குப் போகாமல் கோவிலண்டை நிறுத்தினேன். ஜனசமுத்திரத்தின் இரைச்சல் எதுவும் கேளாமல், மடக்கிய இருக்கையின்மேல் ஜமக்காளம் விரித்து, காலை முழுதாக நீட்டி அவள் உறங்குகிறாள். ஜோதிக்குக் கால் மணி முன்னால் எழுப்ப வேண்டும். அதுவரை வண்டி விளக்கில் இதை எழுதுகிறேன்.

2028 அக்டோபர் முதல் வாரத்தில் பார்க்க: ஓடிய தூரம் எவ்வளவு, எத்தனை முறை நின்றது, எதனால் நின்றது, நீட்டிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது. வாங்குவதானால் வீட்டில் உட்கார்ந்து, காலையில், காப்பி குடித்த பிறகு.