குல்மர்க்கில் மாவுப்பனி

எங்கள் விருதுநகரில் பனி என்றால் மார்கழி விடியலில் காதை மூடித் துண்டைக் கட்டிக்கொள்வது, அவ்வளவுதான். புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் உறைவதும் பனி, இமயமலையில் ஆளை மூடுவதும் பனி. ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். டேராடூனுக்கு மாற்றலாகி வந்தபிறகுதான் இந்த ஒரு சொல் எனக்குப் பத்தாமல் போனது.

2022 குளிர்காலத்தில் நானும் மகளும் ஔலியில் ஏழு நாள் ஸ்கீயிங் பயிற்சி எடுத்துக்கொண்டோம். கார்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்துவது. ("இந்த வயசுல காலை உடைச்சுக்கிட்டா மெடிக்கல் லீவ் எத்தனை நாள் மிச்சமிருக்கு?" என்பது தங்கமணியின் ஒரே கேள்வி. கணக்குச் சொன்னேன், விட்டுவிட்டாள்.) அடுத்த வருஷமும் போகலாம் என்றிருந்தபோது, 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் இறங்கி வீடுகளெல்லாம் விரிசல் விட்டன. ஔலிக்குப் போகும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும்போது அங்கே போய்ச் சறுக்க மனசு வரவில்லை. 2024க்குக் குல்மர்க் என்று முடிவு செய்தோம்.

இங்கே பவுடர் என்ற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஔலியில் நாங்கள் பழகியது மெஷின் ஓட்டி அழுத்திச் சமப்படுத்திய சரிவு. சிமெண்ட் தளம் மாதிரி. நல்ல குளிரில் ராத்திரி முழுக்கப் பெய்து, மறுநாள் காலை யாரும் கால் வைக்காமல் கிடக்கும் உலர்ந்த பனிதான் பவுடர். உலகம் பூராவும் ஸ்கீ பைத்தியங்கள் இதற்காகத்தான் ஆபீஸுக்குப் பொய் சொல்லி லீவ் போடுகிறார்கள். அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. புட்டுக்கு மாவு பிசிறும்போது பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்று அம்மா சொல்வார். பனியைக் கையில் அள்ளிப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரப்பனி, குழந்தைகள் பொம்மை செய்ய லாயக்கு. பவுடர் பிடிபடவே படாது. சலித்த அரிசிமாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்து போய்விடும். மகளுக்கு இதைச் சொன்னதும் "அப்போ மாவுப்பனின்னு வச்சுக்கலாம்ப்பா" என்றாள். இந்தியிலேயே கனவு காணும் பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லை உண்டாக்கிவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

டிசம்பரிலேயே டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆனால் அந்த ஜனவரி குல்மர்க்குக்கே பனி வரவில்லை. டிசம்பர் 21ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். அந்த நாற்பது நாளில் பெரும்பகுதி வறண்டே ஓடி, புல்வெளி பழுப்பாகத் தெரியும் போட்டோக்கள் போனுக்குப் போன் சுற்றின. பணம் போச்சு என்றே நினைத்தோம். ஜனவரி கடைசியில் திடீரென்று பிடித்துக்கொண்டது. பிப்ரவரி முதல் வாரம் நாங்கள் தங்மர்க் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்து மேலே போகும் 13 கிலோமீட்டருக்கும் டயரில் சங்கிலி கட்டிய வண்டிக்குத்தான் அனுமதி.

தெரியாத மலை. அதனால் முந்தின நாள் சாயங்காலமே செய்துவைக்க வேண்டியது நிறைய இருந்தது. ஸ்கீ வாடகைக் கடைக்கு ராத்திரியே போய்விட்டோம். காலையில் போனால் கூட்டத்தில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும். ஔலியில் போட்ட ஒல்லிப் பலகை மாவுப்பனியில் அப்படியே முங்கிவிடுமாம். அகலமான பலகை கொடுத்தார்கள். பூட்ஸைப் போட்டு அரை மணி நேரம் கடைக்குள்ளேயே நடந்து பார்த்தோம். அதோடு ஆளுக்கொரு பீக்கன், மடக்குக் கம்பி, சிறிய மண்வெட்டி. பீக்கன் என்பது நெஞ்சில் கட்டிக்கொள்ளும் ரேடியோ. பனிச்சரிவில் புதைந்துபோனால் மற்றவர்கள் அதன் சிக்னலை வைத்துத் தேட முடியும். தோண்டி எடுக்க முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கணக்கு. அதற்குமேல் பிழைப்பது வேகமாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து உதவி வர அந்த நேரம் பத்தாது. உடன் வந்தவர்தான் தோண்டவேண்டும். அதனால் ஹோட்டல் முற்றத்தில் ஒரு பீக்கனைப் பனிக்குள் ஒளித்துவைத்து, மகள் தேடி, நான் தேடி, இருட்டும்வரை பழகினோம்.

மூன்றாவது வேலை, உள்ளூர் கைடு. குல்மர்க்கின் கொண்டோலா இரண்டு கட்டம். முதல் கட்டம் 1998ல் வந்தது. ஏறக்குறைய 2,650 மீட்டரில் இருக்கும் குல்மர்க்கிலிருந்து 3,100 மீட்டரை ஒட்டிய காங்டோரி வரை. 2005ல் வந்த இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் மலையின் தோள்வரை, சுமார் 3,950 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும். மேலே நடுவில் இருக்கும் சரிவு மட்டும் ஸ்கீ பேட்ரோல் பார்த்துக்கொள்வது. அதன் இரண்டு பக்கமும் வெறும் மலை. வேலி கிடையாது, தடம் போட்டுத் தருபவர் கிடையாது. டிக்கெட் எடுத்தவர் எவரும் வழுக்கிக்கொண்டு அதற்குள் போய்விடலாம். வெளிநாட்டுக்காரர்கள் குல்மர்க்கைத் தேடி வருவதே அதற்காகத்தான்.

அன்று ராத்திரி முழுக்கப் பெய்தது. ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் சத்தமே இல்லை. பனி விழுந்த காலையின் நிசப்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் இறங்கினேன், முழங்காலுக்கு மேலே. ஒரு பிடி அள்ளினேன், வழிந்து போனது.

எட்டரைக்குக் கொண்டோலா நிலையத்தில் நல்ல கூட்டம். இரண்டாம் கட்டம் திறக்கவில்லை. காற்றும் பனிச்சரிவு அபாயமும் பார்த்து பேட்ரோல் சரி என்று சொன்னால்தான் திறப்பார்கள். "பதினொரு மணிக்குத் திறக்கலாம்" என்று யாரோ சொல்ல, அதுவே பரவி, முக்கால்வாசிப் பேர் காங்டோரிக்குப் போய் இரண்டாம் கட்டத்துக்கு வரிசையில் நிற்பது என்று தீர்மானித்துவிட்டார்கள். என் மகளும்தான். போனில் அஃபர்வத் வீடியோக்களாகப் பார்த்து வளர்த்த ஆசை. அவளோடு பேச்சுக்கொடுத்த ஒரு வெளிநாட்டுப் பையன், மேலே போனதும் நடுச்சரிவை விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கப்போகிறோம், நீயும் வா என்றிருக்கிறான்.

எங்கள் கைடு தங்மர்க் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும். சட்டென்று மறுக்கவில்லை. "ஜனாப், கீழே இந்தப் பனிக்கு அடியில் மண் இருக்கிறது. மேலே இந்தப் பனிக்கு அடியில் சர்க்கரை இருக்கிறது" என்றார்.

புரியவில்லை என்றதும் விளக்கினார். ஜனவரி முழுக்க மேலே மெல்லிசாகத்தான் பனி இருந்தது. மெல்லிய பனி வாரக்கணக்கில் கடுங்குளிரில் கிடந்தால், உள்ளேயே மாறி, ஒன்றோடு ஒன்று ஒட்டாத சர்க்கரைக் குருணை மாதிரி ஆகிவிடும். இப்போது அதன்மேல் சில நாளில் இத்தனை மாவு விழுந்திருக்கிறது. சரிவு முப்பது டிகிரிக்கு மேல் இருந்தால், ஒரு ஆள் ஏறி நின்ற பாரத்திலேயே மேலிருப்பது பாளமாகக் கழன்று வரலாம். புதுப்பனி விழுந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் இதற்கு மோசமான நேரம். அதாவது எல்லோரும் ஆசைப்படுகிற அதே நாள்.

இருபது வருஷமாக லோன் பேப்பர் பார்க்கிறவனுக்கு இது உடனே பிடிபட்டது. இந்த வருஷத்து விற்பனை பளபளவென்று இருக்கும். அடியில் மூன்று வருஷத்துப் பேலன்ஸ் ஷீட் என்ன சொல்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். மகளுக்கு இந்த உதாரணம் வேலைக்கு ஆகவில்லை. "நீங்க எல்லாத்துலயும் பேங்க்தான்ப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைடுதான் காப்பாற்றினார். 2023 பிப்ரவரி 1ம் தேதி அஃபர்வத்தின் ஹாபத்குட் பக்கம் சரிந்ததையும், போலந்துக்காரர்கள் இரண்டு பேர் அதில் இறந்ததையும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "மலை எங்கேயும் போகாது பேட்டி, இன்றைக்குக் காடு நன்றாக இருக்கும்" என்றார். அவள் பதில் சொல்லாமல் ஸ்கீயைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

காங்டோரியில் இறங்கியதும் வரிசைக்குப் போகாமல் ஓரமாக நகர்ந்து, ஃபிர் மரங்களுக்குள் நுழைந்தோம். மங்கி ஹில் என்று சொல்லும் பக்கம். மேகம் கவிந்த நாளில் வெட்டவெளியில் எல்லாமே ஒரே வெள்ளை, மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. மரங்களுக்கு நடுவே போனால் கருப்புத் தண்டுகள் கணக்குச் சொல்லிவிடும். சரிவும் சாது. ஆனால் மரத்தின் காலடிக்குப் போகக்கூடாது. கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றிக் குழி இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக ஏறிவர முடியாது.

முதல் நூறு மீட்டரில் ஔலியில் படித்ததெல்லாம் தப்பாகப் போனது. அழுத்தித் திருப்பினால் பலகை முங்குகிறது. ஒரே காலில் பாரம் போட்டால் அந்தக் கால் மட்டும் பாதாளத்துக்குப் போகிறது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பாரத்தைச் சமமாகப் பிரித்து, கொஞ்சம் வேகம் விட்டுக்கொடுத்து, முழங்காலை மடக்கி நீட்டி ஊஞ்சல் மாதிரி போகச் சொன்னார். பயந்து மெதுவாகப் போனால்தான் விழுவோம். இது என் சுபாவத்துக்கு நேர் எதிர். ஏழெட்டு முறை விழுந்தேன். வலிக்கவே இல்லை, ஆனால் எழுந்திருப்பதுதான் வேலை. கை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகிறது. இரண்டு ஊன்றுகோலையும் குறுக்கும் நெடுக்குமாகப் பனிமேல் போட்டு, அது ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அழுத்தி எழ வேண்டும்.

ஒருமுறை மகளின் ஒரு ஸ்கீ கழன்று பனிக்குள் மறைந்தது. எல்லோரும் விழுந்த இடத்துக்குக் கீழேதான் தேடுவோம். அது பெரும்பாலும் மேலேதான் புதைந்து கிடக்குமாம். ஊன்றுகோலால் குறுக்கே கீறிக்கொண்டே மேலே போகவேண்டும். பதினைந்து நிமிடம் மூன்று பேரும் வயல் உழுத மாதிரி உழுது கண்டுபிடித்தோம். உழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் திறந்தது.

அதற்கப்புறம் மூன்றாவது இறக்கத்தில் எனக்கு அது வந்தது. எப்படி என்று தெரியாது. பத்துப் பன்னிரண்டு திருப்பம், வரிசையாக. காலுக்குக் கீழே தரை இல்லை, சத்தம் இல்லை, மார்புவரை வெண்புழுதி எழும்பி முகத்தில் விழுகிறது. நின்று திரும்பிப் பார்த்தால் மேலேயிருந்து இரண்டு கோடுகள் பின்னிப் பின்னி வந்திருக்கின்றன, ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. வேறு யாருடைய கோடும் இல்லை. மொத்தக் கூட்டமும் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

அப்படியே பாபாரேஷி வரை காட்டுக்குள் இறங்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கைடு தலையாட்டிவிட்டார். அவ்வளவு கீழே ஜனவரியில் வெறும் தரை, புதுப்பனிக்கு அடியில் வெட்டிய மரத்தின் முண்டுகள் மறைந்திருக்கும், முழங்கால் போய்விடும். மதியத்துக்குள் ஐந்து இறக்கம் முடித்தோம். இன்னும் ஒன்று என்று நான்தான் கேட்டேன். கால் நடுங்குகிறதா பாருங்கள் என்றார். நடுங்கியது. டாபாவில் ராஜ்மா சாவல், அதற்குமேல் இரண்டு கோப்பை கஹ்வா.

அன்று இரண்டாம் கட்டம் திறக்கவே இல்லை. அந்தப் பையன் மாலை ஹோட்டல் பக்கம் தென்பட்டான். காங்டோரியில் மூன்று மணி வரை நின்றிருக்கிறான். கடைசி நாளில் திறந்தார்கள். நாங்களும் போய், பேட்ரோல் அனுமதித்த நடுச்சரிவில் ஒரே ஒருமுறை இறங்கினோம். காற்று அடித்து மேல்பக்கம் அப்பளம் மாதிரி இறுகிப்போயிருந்தது. காட்சி பிரமாதம், சறுக்கல் சுமார்.

டேராடூன் திரும்பி மார்ச் கிளோசிங் வேலையில் மூழ்கியிருந்தேன். பிப்ரவரி 22ம் தேதி, பெருமழைபோல் பெய்த இன்னொரு பனிக்குப் பிறகு, காங்டோரிக்கு அருகே பனிச்சரிவு. ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்கீ குழு மாட்டிக்கொண்டு, ஒருவர் இறந்துபோனார். செய்தியை மகள்தான் எனக்கு அனுப்பியிருந்தாள், கூட ஒரு வார்த்தையும் இல்லாமல். ராத்திரி சாப்பிடும்போது மேப்பை விரித்து, நாம போன காடு எது என்று கேட்டாள். காட்டினேன். சரிந்த இடம் எது என்று கேட்டாள். அதையும் காட்டினேன். திரையில் ஒரு விரற்கடைகூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த கைடு அங்கிளுக்கு போன் பண்ணுங்கப்பா, நல்லா இருக்காரான்னு கேளுங்க" என்றாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.