வேலி மரச் சாம்பல்



எங்கள் வீட்டு மரவேலி சாய்ந்துவிட்டது. பிரித்துக் குவித்ததும், "கொளுத்திவிடு, சாம்பல் கீரைப் பாத்திக்கு ஆகும்" என்றார் மாமி. நானும் தீப்பெட்டியோடு போனேன்.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த தம்பி தடுத்துவிட்டான். ஒரு வேலிக்காலைப் பிளந்து காட்டினான். நடுவில் வெறும் மரம். ஓரத்தைச் சுற்றிப் பச்சைச் சாயல். கறையான் அரிக்காதிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாம். எரித்தால் அந்த நஞ்சு கொஞ்சம் புகையில் போகும். மீதி சாம்பலிலேயே தங்கும். வெயிலில் பச்சை மங்கிவிடுவதால் மேலே பார்த்து முடிவு செய்யவும் முடியாது.

எனக்கு வயிறு கலங்கியது. போன தீபாவளிக்கு முன், ஒடிந்த இரண்டு கால்களை வெந்நீர் அடுப்பில் வைத்தவள் நான்தானே! அந்தச் சாம்பலில்தான் என் கடைக்குட்டியின் பால் சட்டியைத் துலக்கினேன். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சாயமும் மருந்தும் படாத மரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அடுப்பில் வையுங்கள். வெட்டவெளியில் குவித்துக் கொளுத்துவதோ 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம்.

எங்கள் வேலி இப்போது குப்பை லோரிக்காக வாசலில் கிடக்கிறது. "நல்ல விறகு வீணாகிறதே" என்று மாமி இன்னும் முணுமுணுக்கிறார்.