தேறலும் அதை ஏந்திய கைகளும்

செந்நிற வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது பழகிப்போன அறிவுரை. அந்த அறை ஐரோப்பியக் குளிர்நாட்டு வீட்டினது. அதன் வெப்பம் ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியஸ். திருவனந்தபுரத்துத் தம்பானூரில், பங்குனி மாத நண்பகலில், அறை வெப்பநிலை 30 பாகையைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் சாராய நெடி முந்திக்கொள்ளும். பழத்தின் மணம் பின்தங்கிவிடும். ஆகவே இங்கே அவ்விதியைக் காக்க விரும்புபவர் புட்டியைச் சிறிது நேரம் குளிர வைத்தே ஆக வேண்டும்.

இந்த நிலத்தின் தேவையைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் முன்பே அறிந்திருக்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் தந்த மதுவைப் பற்றிச் சொல்லும்போது அதன் கடுமையைப் பேசவில்லை. குளிர்ச்சியையும் மணத்தையுமே பேசுகிறார். அது வெறும் கற்பனை அன்று. 1945இல் அரிக்கமேட்டிலும், 2007 முதல் கேரளத்துப் பட்டணத்திலும் நிகழ்ந்த அகழாய்வுகளில் மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன.

அம்மதுவுக்குப் பாடல் இடும் பெயர் 'தேறல்'. தேறுதல் என்றால் தெளிதல். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதே தேறல். வயதேறிய வைன் புட்டியை நிமிர்த்தி வைத்து, வண்டல் படிந்த பின் தெளிந்ததை மட்டும் வேறொரு கலத்துக்கு மெல்லச் சாய்ப்பதும் இதே செயல்தான். மாணவர் தேர்வில் தேறுவதும் நோயுற்றவர் உடல் தேறுவதும் இவ்வினையிலிருந்து கிளைத்த பொருள்களே. பரிமாறும் நுட்பம் முழுவதும் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் படிந்து கிடக்கிறது.

ஆனால் அப்பாடலில் பொற்கலத்தை ஏந்தி நாள்தோறும் ஊட்டுபவர்கள் ஒளிவளை அணிந்த மகளிர். அந்த வினைக்கு எழுவாய் அவர்களே. அரசனின் பெயர் நிலைத்தது, புலவரின் பெயர் நிலைத்தது, சரக்கைக் கொண்டுவந்த யவனரும் குறிக்கப்பட்டனர். ஊற்றியவர்களுக்கு வளையல் மட்டுமே அடையாளமாக எஞ்சியது. இலக்கணத்தில் எழுவாயாக இருப்பதும் வரலாற்றில் இடம் பெறுவதும் ஒன்றல்ல.

இதற்கு மறுதலையாக நிற்பது 235ஆம் பாடல். அதியமான் இறந்தபின் ஔவையார் நினைவுகூர்வது அவன் வென்ற போர்களை அன்று. கள்ளை அவன் பகிர்ந்த முறையை. சிறிதளவே கிடைத்தால் அதை அவருக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவர் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். இங்கே கொடுக்கும் கை அரசனுடையது; பெறுபவர் ஒரு பெண் புலவர். மதுவின் வயதோ கலத்தின் பொன்னோ பேசப்படவில்லை. அளவு குறையும்போது யாருக்கு முதலில் என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது.

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே, லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் உருளைக்குள் இந்தியன் காபி ஹவுஸ் இயங்குகிறது. சுருளாக ஏறும் தளம், சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசைகள், துளைகளின் வழியே வரும் காற்று. விசிறித் தலைப்பாகை அணிந்த பணியாளர் அச்சரிவில் கோப்பை சிந்தாமல் ஏறி வருகிறார். பேராசிரியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் ஒரே கோப்பைதான். அங்கே மது இல்லை, காபிதான். ஆனால் அது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. ஏந்தி வருபவர்களின் உழைப்பாளர் குடும்பத்துக்கே உரியது.

நன்கு பரிமாறப்பட்ட பானத்தில் குளிர்ச்சியும் மணமும் தெளிவும் இருக்க வேண்டும். ஊற்றிய கையும் அதில் தெரிய வேண்டும்.